கொட்டாஞ்சேனை பிடிக்காத வேன்

ஷபீகா வேனின் முன் டயரை ஓங்கி உதைத்தாள். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய செருப்புத்தான் கழன்று பறந்து, ஒழுங்கை முனையில் மரைன் டிரைவ் பக்கமாகப் போய் விழுந்தது.

“சரி, சந்தேகநபருக்கு அடி விழுந்திட்டுது,” என்றார் பொன்னம்பலம். “இனி வாக்குமூலம் எடுப்பம்.”

யாரும் சிரிக்கவில்லை. பொன்னம்பலத்துக்கு அது பழகிப்போன விஷயம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் சொன்ன பொய்களையெல்லாம் தமிழிலிருந்து சிங்களத்துக்கும், சிங்களத்திலிருந்து தமிழுக்கும் முகம் மாறாமல் மாற்றிக் கொடுத்தவர். சொந்தமாக வாய் திறக்க வாய்ப்புக் கிடைத்ததே சாம்பவியிடம் உதவியாளராகச் சேர்ந்த பிறகுதான். கிடைத்ததை அவர் வீணாக்கவில்லை.

சாம்பவி வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். கொழும்பில் எல்லோரும் டொல்பின் என்று கூப்பிடும் பழைய டீசல் வேன். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் விபத்து வாகனங்களைப் பரிசோதிக்கும் பொறியியலாளராக இருந்தவள் அவள். பொய் விபத்து ஒன்றுக்குக் கையெழுத்துக் கேட்ட மேலாளரின் மேசையில் ஃபைலை எறிந்துவிட்டு வந்து, வெள்ளவத்தை வீட்டின் முன்னறையில் இந்தத் துப்பறியும் தொழிலைத் தொடங்கினாள். கோபம்தான் அவளுடைய மூலதனம். இன்று வந்திருப்பவள் அதில் தன்னைவிடப் பணக்காரி என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

“மூணு கராஜ்!” ஷபீகா ஒற்றைச் செருப்போடு நின்று கத்தினாள். “ஒருத்தன் பற்றரிய மாத்தினான். மத்தவன் ஸ்டார்ட்டர மாத்தினான். மூணாவது ஆள் தொறப்பு போடுற சுவிச்ச மாத்திட்டு, ‘தாத்தா, பழைய வேன்தானே, வித்துருங்க’ எண்டு சொல்றான். பெரிய அக்கா எண்டு மரியாத வேற! எங்கட இவர் மௌத்தாகுற கிழமையும் இதிலதான் ஸ்கூல் பிள்ளையள ஏத்தினார். அப்ப ஒருநாளும் நின்டதில்ல.”

கணவன் இறந்த பிறகு பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஹயரை அவளே எடுத்துக்கொண்டாள். தெஹிவளையில் கணவனின் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறாள், ஒரு மகள். வேன் நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சில மாதமாக நினைத்த நேரம் நிற்கிறது. நினைத்த நேரம் மறுபடி ஓடுகிறது.

“போன சனிக்கிழம என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ,” என்றாள் சாம்பவி.

ஷபீகாவின் குரல் இறங்கியது. நுகேகொடை டியூஷனுக்கு ஏ.எல். படிக்கும் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனாள். புது ஹயர், முதல் நாள். ரயில் கடவையில் முன்னுக்கு நின்ற பஸ் நகரவில்லை. அவளுடைய வேன் தண்டவாளத்தின் மேல் நின்றது. அந்த நேரம் பார்த்து என்ஜின் செத்தது. மணி அடிக்கத் தொடங்கியது. பிள்ளைகள் கத்திக்கொண்டு இறங்கினார்கள். பஸ் நகர்ந்து இடம் விட்டதும் முச்சக்கரவண்டிக்காரர்கள் ஓடிவந்து வேனைத் தள்ளினார்கள். பின்பம்பர் தண்டவாளத்தைத் தாண்டியதும் ரயில் போனது.

“ஷிஹானுக்குத்தான் கோல் எடுத்தேன். இவர்ட கடைசித் தம்பி. நல்ல பிள்ள. பிள்ளையளுக்குத் தண்ணிப் போத்தலும் வாங்கிட்டு ஓடி வந்தான்.” பிறகு போனை எடுத்து ஒரு குரல்பதிவைப் போட்டாள். தாய்மார்களின் வட்ஸ்அப் குழுவில் பஸ்லா என்ற தாய் அனுப்பியது.

“எங்கட பிள்ளையள மௌத்தாக்கவா வேன் ஓட்டுறீங்க? ஓட்டத் தெரியாட்டி ஊட்டுல குந்துங்க!”

ஷபீகா போனை மூடினாள். “எனக்கு ஆரெண்டு தெரீம். இவர்ட மூத்தவர், றிகாஸ் நாநா. பொம்பள வேன் ஓட்டுறது குடும்பத்துக்கு வெக்கம் எண்டு பள்ளிவாசல் வாசல்லயே சொன்னவர். வாகன சாமான் கட வெச்சீக்கிறார். அவருக்கு இதெல்லாம் கைவந்த வேல. நீங்க நிரூபிச்சுத் தாங்க. மிச்சத்த நான் பாத்துக்கொள்றேன்.”

“முதல் வேனைக் கேப்பம்,” என்றாள் சாம்பவி. “ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கோ.”

ஷபீகா திறப்பைத் திருப்பினாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

“பாத்தீங்களா!”

“ஹோர்னை அடியுங்கோ.”

ஹோர்ன் நோயாளிபோல முனகியது. சாம்பவி வேனுக்குக் கீழே படுத்தாள். பற்றரியிலிருந்து வேனின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் தடித்த கேபிளைப் பிடித்து ஆட்டினாள். அது பிடித்திருந்த இடமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. கழற்றி, மண்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிப் பூட்டினாள். “இப்ப.”

வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது.

“கடற்கரை உப்புக்காத்து,” என்றாள், உடையைத் தட்டிக்கொண்டு. “புதுப் பற்றரி போட்டு என்ன, கரண்ட் திரும்பி வாற வழி அடைபட்டிருக்கு.”

“குற்றவாளி கடல்,” என்றார் பொன்னம்பலம். “கைது செய்யக் கொஞ்சம் பெரிய விலங்கு வேணும். வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்.”

ஷபீகாவின் முகம் இன்னும் சிவந்தது. “அப்ப ஆரும் செய்யல்லயா? அவ்வளவுதானா?”

சாம்பவி கையைத் துடைத்தாள். “நுகேகொடையில நிண்டபோது ஹோர்ன் அடிச்சுதோ?”

“அடிச்சேனே! கை எடுக்காம அடிச்சேன். முழு நுகேகொடையும் திரும்பிப் பாத்திச்சு.”

“திறப்பைத் திருப்பினபோது இப்பிடி டிக் எண்டுதோ?”

ஷபீகா யோசித்தாள். “இல்ல. கர கர கர எண்டு சுத்திச்சு. புடிக்கத்தான் இல்ல.”

“மூண்டு கராஜிலயும் இதை ஒருத்தனும் கேக்கேல்லையோ?”

“‘ஸ்டார்ட் ஆகல்ல’ எண்டு சொன்னேன். அவ்வளவுதான் கேட்டாங்க.”

சாம்பவியின் பல் நறநறத்தது. “மடையன்கள்! ரெண்டு வருத்தம், ஒரு நோயாளி. காலமையில வீட்டு வாசலில டிக் எண்டு நிக்கிறது உப்புக்காத்து. ஆனா ஹோர்ன் கத்துது, ஸ்டார்ட்டர் சுத்துது, என்ஜின் மட்டும் பிடிக்கேல்லை எண்டா பற்றரியும் சரி, ஸ்டார்ட்டரும் சரி. டீசல் போகேல்லை. ஓடிக்கொண்டிருந்த என்ஜினுக்கு டீசல் வாறது நிண்டிருக்கு. அப்பிடி எங்கெங்க நிண்டது?”

“கொட்டாஞ்சேனையில. பொறகும் கொட்டாஞ்சேனையில. இன்னொருக்கா கொட்டாஞ்சேனையால முகத்துவாரத்துக்குத் திரும்புற எடத்துல. கடைசியா நுகேகொட.”

“மழையிலயோ? வெயிலிலயோ? என்ஜின் சூடாக இருந்ததோ?”

“எல்லாத்துலயும்தான். ஒரு கணக்கும் இல்ல.”

“ஸ்கூல் போற வழியில?”

“ஒருநாளும் இல்ல.”

“வேனுக்குக் கொட்டாஞ்சேனை பிடிக்கேல்லைப் போல,” என்றார் பொன்னம்பலம். “வெள்ளவத்தைக்காரரிட்ட இருக்கிற நோய்தான்.”

சாம்பவி சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். “இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

“பகிடிக்குச் சொன்னனான், பிள்ளை.”

“பகிடி இல்லை அது. பழுதான வயர் சூட்டில தொடர்பு விடும், குலுக்கலில விடும், ஈரத்தில விடும். விலாசம் பாத்து விடாது! ஆரோ டீசலை மூடியிருக்கினம்.” அவள் ஷபீகாவின் பக்கம் திரும்பினாள். “கொட்டாஞ்சேனைக்கு என்னத்துக்குப் போறனீங்கள்?”

“ஹயர்,” என்றாள் ஷபீகா. ஒரே சொல். கண் வேறெங்கோ போனது. சாம்பவி அதைக் கவனித்தாள், கேட்கவில்லை.

டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, டீசலைத் திறந்து மூடும் பகுதிக்குப் போகும் வயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். எல்லா வயரிலும் வருடக்கணக்கான தூசி, எண்ணெய்ப் பிசுக்கு. ஓரிடத்தில் விரல் வழுக்கியது. அங்கே மட்டும் புதிதாகச் சுற்றிய கறுப்பு டேப். அங்கிருந்து பிரிந்த வயரின் மறுமுனையில், சாமான் வைக்கும் பெட்டிக்குப் பின்னால், நெருப்புப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் ஒரு பச்சை வெளிச்சம் மின்னி மின்னி அணைந்தது.

“இதுக்குள்ள ஒரு சிம் இருக்கு,” என்றாள். “வேன் எங்க நிக்குது எண்டு போனில ஒரு புள்ளியாக் காட்டும். அதே போனில ஒரு பட்டனை அமத்தினா டீசல் மூடும். திரும்ப அமத்தினாத் திறக்கும்.”

ஷபீகா அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி அதைப் பிய்க்கப் போனாள். சாம்பவி மணிக்கட்டைப் பிடித்தாள்.

“விடுங்க! இப்பவே கொண்டு போய் அந்த மனுசன்ட மொகத்துல எறிவேன்!”

“எறிஞ்சா ‘எனக்குத் தெரியாது’ எண்டு சொல்லுவார். நீங்கள்தான் பைத்தியம் பிடிச்ச விசரி ஆகிப் போவீங்கள். எனக்கும் கோபம்தான் ஷபீகா. ஆனா இதைப் பொறுங்கோ. இந்தப் பெட்டிக்கு வேனைத் தெரியும். வேனுக்குள்ள ஆர் இருக்கினம் எண்டு தெரியாது.”

அவள் பெட்டியைப் படம் எடுத்தாள். என்ஜினுக்குப் பெட்டியைத் தொடாத நேர்வழி ஒன்று கொடுத்தாள். பெட்டியின் வயரில் ஒரு சின்ன பல்பைப் பூட்டி டாஷ்போர்டின் மேல் ஒட்டினாள். யாராவது பட்டனை அழுத்தினால் பல்பு அணையும். வேன் ஓடிக்கொண்டே இருக்கும்.

“அண்ணை, வேனைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டு போங்கோ. பல்பு அணைஞ்சா ஓரமா நிப்பாட்டிப்போட்டு எனக்குக் கோல் எடுங்கோ.”

“நானோ?” பொன்னம்பலம் வேனை மேலும் கீழும் பார்த்தார். “லைசன்ஸ் இருக்கு. தைரியம்தான் காலாவதியாகிப் போச்சு.”

றிகாஸின் கடை தெஹிவளையில் காலி வீதி ஓரத்தில் இருந்தது. சீட் உறைகள், கண்ணாடிகள், தொங்கவிட்ட வாசனை அட்டைகள். முச்சக்கரவண்டியிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கியதைக் கண்டதுமே அவர் தொடங்கிவிட்டார்.

“வேனையும் விட்டுட்டு இப்ப திரீவீல்ல வாறீங்களா? திரும்பவும் நின்டுட்டுதா? நான் சொன்னேன்! ஆம்பள ஓட்டுற வாகனத்த ஆம்பள ஓட்டணும். ரெயில் ரோட்டுல கொண்டு போய் நிப்பாட்டி, ஊரே எங்கட பேரத்தான் சொல்லுது. நான் இந்தக் கடையில எப்பிடித் தல நிமிந்து குந்துற?”

“நான் சாம்பவி. வேன் ஏன் நிக்குது எண்டு பாக்கச் சொல்லி இவ என்னைக் கேட்டவ.”

“என்னத்தப் பாக்க ஈக்கி? வித்துட்டு ஊட்டுல ஈக்கச் சொல்லுங்க!”

உள்ளறையிலிருந்து ஓர் இளைஞன் எட்டிப் பார்த்தான். மெலிந்த முகம், மென்மையான குரல். “மதினி, வாங்க. வெயில்ல வந்தீக்கிறீங்க. பிளேன்டி போடவா?”

“வாணாம் ஷிஹான்,” என்றாள் ஷபீகா. அவளுடைய கண்கள் றிகாஸை விட்டு அகலவில்லை. றிகாஸின் போன் கவுண்டரில் சார்ஜில் கிடந்தது. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

றிகாஸ் நிறுத்தவில்லை. குடும்ப மானம் பற்றிச் சொன்னார். தம்பி உயிரோடு இருந்திருந்தால் இதற்கு விட்டிருக்கமாட்டான் என்றார். ஷபீகா விட்டுக்கொடுக்கவில்லை, வேனோட்டக் கற்றுக்கொடுத்ததே உங்கள் தம்பிதான் என்று திருப்பிக் கத்தினாள். கடைக்கு வந்த ஒருவர் கண்ணாடி வாங்காமலே திரும்பிப் போனார். சாம்பவி இரண்டு பேரையும் கத்தவிட்டாள். நேரம் போகவேண்டியிருந்தது.

அவளுடைய போன் அடித்தது.

“பிள்ளை, செட்டியார் தெருவைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைக்குள்ள இப்பத்தான் நுழைஞ்சனான். பல்பு செத்துப்போச்சு. ஓரம்கட்ட இடமில்லை, பின்னால லொறி கத்துறான். ஊர்ந்துகொண்டு போறன்.”

றிகாஸ் இரண்டு கைகளாலும் கவுண்டரை அறைந்து, “எங்கட உம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ற?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். போன் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதை அவர் தொடவே இல்லை.

ஷபீகா அவரைப் பார்த்தாள். பிறகு சாம்பவியைப் பார்த்தாள்.

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. ஷிஹான் கையில் போனோடு ஓடிவந்தான். முகம் வெளிறியிருந்தது.

“மதினி! வேனக் களவெடுத்துட்டாங்க! கொட்டாஞ்சேனையில போய்க்கொண்டீக்கிது. நிப்பாட்டியும் நிக்குதில்ல!”

காலி வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. தான் சொன்னது என்ன என்பது ஷிஹானுக்கு விளங்கியபோது, அவனுடைய கை போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது.

“எப்பிடி நிப்பாட்டினீங்கள், தம்பி?” என்றாள் சாம்பவி.

ஷபீகா மெல்லத்தான் பேசினாள். அதுதான் பயங்கரமாக இருந்தது. “நுகேகொடையில நான் அழுதுகொண்டு உனக்குக் கோல் எடுத்தேன். வேன் நின்டுட்டுது, வா எண்டு மட்டும்தான் சொன்னேன். எங்க எண்டு சொல்லவே இல்ல. நீ நேரா வந்து நின்டாய். என்ட புத்திக்கு அது இப்பத்தான் எட்டுது.”

“மதினி, நான்…” அவனுக்குக் கண் கலங்கியது. “நாநா மௌத்தாகுறதுக்கு முந்தி உங்களப் பாத்துக்கொள்ளச் சொன்னார். நீங்க கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் போய் வாறீங்க. ஏன் எண்டு கேட்டா ஹயர் எண்டீங்க. ஹயர் இல்ல எண்டு எனக்குத் தெரீம். அங்க ஆரோ ஈக்கிறாங்க எண்டு நினச்சேன். பயம் வந்திச்சு.”

“ஆரும் இல்ல. ஒரு ஊடு ஈக்கி. ரெண்டு அறை. நானும் மகளும் வாடகைக்குப் போகப் பாத்த ஊடு. அந்த ஊட்டுல நான் எப்ப வாறேன், எப்ப போறேன் எண்டு கேக்க ஒருத்தரும் இல்ல. அதுக்குத்தான் போன.” அவள் ஓரடி முன்னால் வந்தாள். “நுகேகொடையில?”

“புது எடமாக் காட்டிச்சு. வேன் நின்டுகொண்டீந்திச்சு. ஓடுற நேரம் நான் ஒருநாளும் அமத்த மாட்டன் மதினி, அல்லாட மேல சத்தியமா. நிக்கிற நேரம்தான் அமத்தினேன். அது ரெயில் ரோடு எண்டு…”

“தெரியாது! உனக்கு அது ஒரு புள்ளி! அந்தப் புள்ளிக்குள்ள பிள்ளையள் இருந்தாங்கடா!”

றிகாஸ் கவுண்டரைச் சுற்றி வந்து தம்பியின் மேல் கையை ஓங்கினார். ஷபீகா குறுக்கே போய் நின்றாள்.

“அடிக்க வாணாம். நீங்க அடிச்சா இது உங்கட ஊட்டு விசயமா முடிஞ்சுபோகும். நான் பொலிசுக்குப் போறேன்.”

இவ்வளவு நேரமும் காலி வீதிக்கே கேட்கக் கத்தியவரின் குரல் திடீரென்று குழைந்தது. “பொலிசா? ஷபீகா, கொஞ்சம் குந்துங்க. சின்னவன்தானே. குடும்பத்துக்குள்ள பேசிக்கொள்ளுவம். வேன நீங்களே ஓட்டுங்க, நான் இனி ஒண்டும் சொல்லமாட்டன். ஆருக்கும் தெரிய வாணாம்.”

சாம்பவிக்கு அந்தக் கத்தலைவிட இந்தக் குழைவுதான் அதிகம் எரிந்தது. அவள் வாயைத் திறக்கும் முன் ஷபீகா முந்திக்கொண்டாள்.

“பிழ என்ட தலையில ஈந்த நேரம் பள்ளிவாசல் வாசல்ல வெச்சுக் கதைச்சீங்க. உங்கட தம்பிட தலைக்கு மாறினதும் குடும்பத்துக்குள்ளயா?”

அவள் ஷிஹானிடம் கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான். வேறு வழி இருக்கவில்லை. சாம்பவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஷபீகா தன் போனை எடுத்து, தாய்மார்களின் குழுவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினாள். அழவில்லை, கெஞ்சவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். தான் இப்போது எந்தப் பொலிசுக்குப் போகிறாள் என்பதையும் சொன்னாள்.

பொன்னம்பலம் வேனோடு வந்து சேர்ந்தபோது வியர்வையில் குளித்திருந்தார். “திரும்பி வாற வழியில நாலு டிரைவர்மார் என்ர தாயை இழுத்து ஏசினவங்கள்,” என்றார். பிறகு ஷபீகாவின் முகத்தைப் பார்த்தார். திறப்பைப் பேசாமல் அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

முறைப்பாடு எழுதும் மேசையில் இருந்த பொலிஸ்காரர் பெட்டியின் படத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் திறக்கவில்லை.

“மேக்க கெதர பிரஷ்னயக் நேத?” என்றார். இது வீட்டுப் பிரச்சினைதானே என்று அர்த்தம். பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்றும் சொன்னார்.

பொன்னம்பலம் மொழிபெயர்க்க வாயெடுத்தார். ஷபீகா காத்திருக்கவில்லை.

“நே மஹத்தயா. மேக்க பாரே பிரஷ்னயக்.”

வீட்டுப் பிரச்சினை இல்லை ஐயா, இது றோட்டுப் பிரச்சினை. அவர் தலையைச் சொறிந்தார். ஒரு தனித்தாளை எடுத்து, பெயரை மட்டும் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். சாம்பவி கதிரையை இழுத்துப் போட்டு, அவருக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்தாள்.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வீட்டு உடுப்புக்கு மேலே அவசரமாக அபாயாவைப் போட்டிருந்தாள். ஒரு கையில் பதினெட்டு வயது மகளைப் பிடித்திருந்தாள். அவளைக் கண்டதும் ஷபீகாவின் தோள் இறுகியது. பஸ்லா.

பஸ்லா மன்னிப்புக் கேட்கவில்லை. ஷபீகாவைப் பார்க்கக்கூட இல்லை. நேராக வந்து நீள வாங்குப் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“நானும் முறைப்பாடு எழுதணும்,” என்றாள் சிங்களத்தில். “அந்த வேனுக்குள்ள என்ட மகள் ஈந்த.”

அவளுக்குப் பின்னால் இன்னொரு தாய் வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றொருத்தி, கணவனையும் இழுத்துக்கொண்டு. வாசலில் செருப்புகள் சேர்ந்தன. யார் முதலில் பேசுவது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது.

பொலிஸ்காரர் தனித்தாளைக் கசக்கிக் கூடைக்குள் போட்டார். மேசையின் லாச்சியை இழுத்துத் திறந்து முறைப்பாட்டுப் புத்தகத்தை எடுத்து, நடுவில் விரித்தார்.

“ஒவ்வொருத்தரா,” என்றார்.

“முதல்ல இவட பேர எழுதுங்க,” என்றாள் பஸ்லா, ஷபீகாவைக் காட்டி.